உள்ளாட்சிப் பணத்தைக் கையாள்பவருக்குப் பயிற்சியா, கடிவாளமா?

மேற்குக்கரை:
கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன நகராட்சியின் நிதிப்பிரிவில் வேலை. வரிப்பணம் வந்து, செலவாகும் வரை சும்மா கிடக்கும் தொகையை எங்கே போடுவது என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். இரண்டு பேரை முதலீட்டுப் பயிற்சிக்கு அனுப்ப அனுமதி கேட்டேன். மன்றத்தில் ஒருவர், "பேங்கில் போடுவதற்கு எதற்குப் பயிற்சி?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்குப் பக்கத்து ஆரஞ்ச் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1994 டிசம்பர் 6 அன்று திவால் மனு கொடுத்த மாநிலம் இது. நட்டம் 160 கோடி டாலருக்கு மேல். பொதுப்பணத்தைத் தொடும் எவருக்கும் பயிற்சி கட்டாயம், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன் தம்பி. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 31 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன உதாரணமே உங்கள் கட்சிக்கு எதிராக நிற்கிறது. ஆரஞ்ச் கவுண்டி கருவூலர் ராபர்ட் சிட்ரன் என்ன, நேற்று வேலைக்கு வந்தவரா? இருபது வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர். உள்ளாட்சிகளின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மாநிலத் தொகுப்பை விட 2 சதவீதம் வரை கூடுதலாக வட்டி காட்டியவர். ஊரே அவரை மேதை என்றது. அறியாமையால் விழவில்லை அந்த மனிதர். "இதற்கு மேல் போகாதே" என்று சொல்ல ஆள் இல்லாததால் விழுந்தார். வகுப்பு நடத்தினால் சான்றிதழ் கிடைக்கும், பணம் காப்பாற்றப்படாது.

மேற்குக்கரை:
ஐயா, அனுபவம் வேறு, பயிற்சி வேறு. சிட்ரன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வட்டி ஏறுமா இறங்குமா என்பதற்கு ஜோசியரிடமும் கேட்டிருக்கிறார் என்பது பின்னால் வெளியே வந்தது.

அவர் செய்ததை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தில் இன்னொரு நகை வாங்கி, அதையும் அடகு வைத்து மூன்றாவது வாங்குவது. ரிவர்ஸ் ரெப்போ என்று பெயர். கவுண்டியும் பள்ளி மாவட்டங்கள் போன்ற மற்ற அமைப்புகளும் அவர் தொகுப்பில் போட்டிருந்த பணம் 750 கோடி டாலர், வாங்கிய பத்திரங்கள் 2,000 கோடிக்கு மேல். அதில் ஒரு பங்கு இன்வர்ஸ் ஃப்ளோட்டர், அதாவது சந்தை வட்டி ஏறினால் வருமானம் இறங்கும் பத்திரம். வட்டி ஏறாது என்ற ஒரே நம்பிக்கையில் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். 1994 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வங்கி ஏற்ற ஆரம்பித்தது. 3 சதவீதத்தில் இருந்தது நவம்பருக்குள் 5.5. அடகுக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும் என்பது வகுப்பின் முதல் மணி நேரப் பாடம். வட்டி 2 சதவீதம் ஏறினால் நம் பை எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போடுவது இரண்டாவது மணி நேரம்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கணக்கை அவர் போடவில்லையா, போட்டும் மறைத்தாரா? தொகுப்பில் சேர்ந்திருந்த மற்ற அமைப்புகளுக்குப் போகவேண்டிய வட்டியைக் கவுண்டியின் கணக்குக்குத் திருப்பிய குற்றத்தையும் பின்னால் ஒப்புக்கொண்டவர் அவர். வகுப்பில் பாடம் எடுத்தால் அது திருந்துமா?

தேம்ஸ்வாசி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கிலாந்துக் கதை இரண்டு பேருக்கும் உதவாது என்று நினைக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்து வங்கிகள் கவிழ்ந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்சில்களின் (உள்ளாட்சி மன்றங்களின்) 90 கோடி பவுண்டுக்கு மேல் அங்கே மாட்டிக்கொண்டது. கென்ட் கவுண்டி மட்டும் 5 கோடி. இவர்கள் சூதாடிகள் இல்லை. 'முதலில் பாதுகாப்பு, பிறகு கைக்கு எட்டும் வசதி, கடைசியில் வட்டி' என்ற விதி எல்லோருக்கும் தெரியும். எந்த வங்கி எவ்வளவு நம்பகமானது என்று மதிப்பிடும் தரச்சான்று பட்டியலைப் பார்த்துத்தான் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போது கவுன்சில்களின் தணிக்கையைக் கவனித்துவந்த ஆடிட் கமிஷனே 1 கோடி பவுண்டு போட்டு மாட்டிக்கொண்டது.

கணக்குப்பிள்ளை:
என் சாதிக்காரர்களே மாட்டினார்களா! (தணிக்கைச் சாதியைச் சொல்கிறேன்.) ஆக, வகுப்பும் வேலைக்கு ஆகவில்லை.

தேம்ஸ்வாசி:
அப்படி முடிக்க முடியாது ஐயா. அதே ஆடிட் கமிஷன் அடுத்த வருடம் அறிக்கை கொடுத்தது. தரச்சான்று இறங்கிய பிறகும், அந்தக் கடைசி ஒரு வாரத்தில், ஏழு அமைப்புகள் புதிதாகப் பணம் அனுப்பியிருந்தன. மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். வங்கியும் அதுதான், விதியும் அதுதான். வந்த தகவலை அன்றன்றே படிக்கும் பழக்கம் ஒரு அலுவலகத்தில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. பெரும்பகுதிப் பணம் பின்னாளில் திரும்பி வந்தது என்பது வேறு விஷயம்.

யூக்கலிப்டஸ்:
ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வரி. தரச்சான்றை நம்பிப் போடுவது பற்றி: நியூ சவுத் வேல்ஸில் 13 கவுன்சில்கள் ரெம்ப்ராண்ட் என்ற பெயரில் விற்ற பத்திரத்தை வாங்கின. தரச்சான்று நிறுவனமான எஸ் அண்ட் பி கொடுத்த தரம் மும்மடங்கு ஏ. அதற்கு மேல் தரமே கிடையாது. போட்ட பணத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போயிற்று. 2012ல் ஃபெடரல் நீதிமன்றம் தரம் கொடுத்தவரும் பொறுப்பு என்று சொன்னது. சரி, தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்கு நடத்தும்படி ஆனது ஏன்? பத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் வாங்கியதால்தானே?

மேற்குக்கரை:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், யூக்கலிப்டஸ் சொல்லிவிட்டார். பயிற்சி என்றால் சந்தையை ஜெயிக்கக் கற்றுக்கொடுப்பது என்று ஐயா நினைக்கிறார். எனக்குத் தேவை அதற்கு நேரெதிர். விற்க வந்தவர் முன்னால் உட்கார்ந்து, "எனக்குப் புரியவில்லை, அதனால் வாங்கமாட்டேன்" என்று வெட்கப்படாமல் சொல்லும் தைரியம். தெரியாதவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவான்.

கணக்குப்பிள்ளை:
அந்தத் தைரியத்தைச் சட்டம் கொடுத்தால் போதுமே. உங்கள் மாநிலச் சட்டத்தில் இருப்பதும் அதுதானே? இன்வர்ஸ் ஃப்ளோட்டர் வாங்கக் கூடாது. ரிவர்ஸ் ரெப்போ கையிருப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மன்றம் தனியாக அனுமதிக்காமல் ஐந்து வருடத்துக்கு மேல் முதிரும் பத்திரம் கூடாது. மூன்று 'கூடாது'. ஒரு தாளில் அடித்துச் சுவரில் ஒட்டிவிடலாம்.

மேற்குக்கரை:
அதோடு நிறுத்தவில்லையே ஐயா! கவுண்டிக் கருவூலர்களுக்குக் கட்டாயத் தொடர் கல்வி வந்ததும் அந்தத் திவாலுக்குப் பிறகுதான். மாநிலத்தின் கடன் ஆலோசனைக் குழுவின் பெயரில் 'முதலீடு' என்ற சொல்லைச் சேர்த்து, வகுப்பு நடத்துவதையும் அதன் வேலையாக்கினார்கள். தாளில் இருக்கும் மூன்று 'கூடாது' 1994ன் திருடனுக்குப் போட்ட பூட்டு. அடுத்து வருபவன் வேறு பெயரில் வருவான்.

பேரூர்க்காரி:
வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சியில் கணக்குப் பார்க்கிறேன், எது என்று கேட்காதீர்கள். நீங்கள் எல்லோரும் அதிகம் ஆசைப்பட்டு இழந்த கதை பேசுகிறீர்கள். எங்கள் பிரச்சினை தலைகீழ். நான் வந்தபோது ஒரு திட்டத்தில் மிஞ்சிய தொகை, வட்டியே இல்லாத நடப்புக் கணக்கில் கிடந்தது. நான்கு வருடமாக. அரசு வங்கியில் ஒரு வருட ஃபிக்சட் டெபாசிட் போட்டிருந்தாலே தெருவிளக்கு பல்புச் செலவு வந்திருக்கும். ஏன் போடவில்லை என்று கேட்டால், "போட்டால் தணிக்கையில் கேள்வி வரும், போடாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்" என்றார் முன்பு இருந்தவர். கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் 'கூடாது' தாள் எங்கள் சுவரில் ஏற்கனவே ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் 'எப்போது போடலாம்' என்ற தாள்தான் இல்லை.

கணக்குப்பிள்ளை:
அம்மா, இது நேராக என் மேல் விழுந்த அடி. டெபாசிட் போட்டதில் நடைமுறைக் குறை இருந்தால் பாரா (தணிக்கை ஆட்சேபக் குறிப்பு) எழுதியிருக்கிறேன். பணம் சும்மா கிடந்ததற்குப் பாரா எழுதியது 31 வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் இருக்கும். வட்டி இழப்பும் நட்டம்தான் என்பதை நாங்களே சரியாகப் படிக்கவில்லை. அந்த வகுப்புக்கு நானும் போயிருக்க வேண்டும்.

ஆனால் முழுவதும் இறங்கி வரமாட்டேன். 1994ல் சிட்ரனை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஜான் மூர்லக் ஒரு கணக்காளர். இந்தத் தொகுப்பு ஆபத்தில் இருக்கிறது என்று தேர்தலுக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னார். ஜூனில் மக்கள் சிட்ரனையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். சில பள்ளி மாவட்டங்கள் கடன் வாங்கிக்கூட அவரிடம் கொடுத்தன, கூடுதல் வட்டிக்காக. அந்த ஊரில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருக்கத்தான் இருந்தார். கேட்கும் காதுதான் இல்லை. அதனால் உங்கள் வகுப்பு நேரத்தில் பாதியை மன்ற உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். "பக்கத்து ஊருக்கு 2 சதவீதம் கூட வருகிறதே, நமக்கு ஏன் வரவில்லை?" என்று அதிகாரியை நெருக்குபவர்கள் அவர்கள்தான்.

மேற்குக்கரை:
என் மன்றத்தில் சிரித்தவரை முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன். இதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஒரு கவலை இருக்கிறது. வகுப்பு எடுப்பது யார்? பத்திரம் விற்கும் நிறுவனத்தின் ஆளே பாடமும் நடத்தி மதியச் சாப்பாடும் போட்டால் அது வகுப்பு இல்லை, விற்பனை. சிட்ரனுக்குப் பத்திரங்களை விற்றதில் முக்கியமான மெரில் லிஞ்ச், 1998ல் கவுண்டிக்கு 40 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல். திவாலால் வந்த கடனைக் கவுண்டி கட்டி முடிக்க 2017 ஆயிற்று.

தேம்ஸ்வாசி:
இங்கே ஆலோசகர் நிறுவனங்களின் மின்னஞ்சலில் வந்த பட்டியலை அப்படியே பின்பற்றியதும் ஒரு சிக்கலாகத்தான் இருந்தது.

பேரூர்க்காரி:
எனக்கு இப்போதைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அடுத்த மாதம் மன்றக் கூட்டத்தில் அந்தத் தொகையை டெபாசிட்டில் போடத் தீர்மானம் வைக்கப்போகிறேன். எந்தத் தேதியில் எவ்வளவு செலவுக்குத் தேவை என்று மாதவாரியாக அட்டவணை போட்டால் போதுமா ஐயா?

கணக்குப்பிள்ளை:
போதும், அதோடு மூன்று வங்கிகளின் வட்டி விகிதத்தை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஏப்ரலில் சம்பள நிலுவை வரும், அந்த மாதத்துக்கான தொகையைத் தொடாதீர்கள். தீர்மான வரைவைத் தனிமடலில் அனுப்புங்கள் அம்மா, பாரா எழுதுகிறவன் கண்ணோடு ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.