மறு: ஹமார்த்தியா – ‘குறை’யா, ‘பிழை’யா?

அன்புள்ள குழுவினருக்கு,

துன்பியல் நாடகத்தில் நாயகனை வீழ்த்துவதை அரிஸ்டாட்டில் ‘ஹமார்த்தியா’ என்கிறார். இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்பதுதான் கேள்வி.

> ‘துன்பியல் குறைபாடு’ என்றே வைத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு எளிது.

எளிதுதான், ஐயா. ஆனால் அந்தச் சொல் மாணவரைத் தப்பான இடத்தில் தேட வைக்கும். குறைபாடு என்றதும் ஆளின் குணத்தைத் துருவுவார்கள்: முன்கோபமா, ஆணவமா, பிடிவாதமா? ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் இயலில் அரிஸ்டாட்டில் சொல்வது வேறு. மிக நல்லவனும் அல்லாத, தீயவனும் அல்லாத ஒருவன் வீழ்கிறான். தீக்குணத்தால் அல்ல, ஒரு ஹமார்த்தியாவால். என் வாசிப்பில் அது அவனிடம் இருப்பது அல்ல, அவன் செய்தது.

வேர்ச்சொல்லைப் பாருங்கள். பழங்கிரேக்கக் காவியக் கவி ஹோமரில் எறிந்த வேல் ஆள்மேல் படாமல் போனால் இந்த வினைதான் வரும். ட்ராய் போரைப் பாடும் அவருடைய இலியட்டின் 5ஆம் காண்டத்தில் வேலை எறிந்துவிட்டு, “விலாவில் பாய்ந்துவிட்டது” என்று ட்ராய் பக்க வீரன் பாண்டரோஸ் கொக்கரிக்கிறான். எதிரே நிற்கும் கிரேக்க வீரன் டயமிடீஸ் அசராமல், “பிழைத்துவிட்டாய், படவில்லை” என்கிறான்.

‘பிழைத்துவிட்டாய்’ என்று நான் வலிந்து போடவில்லை. வள்ளுவர் போட்டதுதான்:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது (772)

யானைமேல் படாமல் போன வேல், ‘பிழைத்த வேல்’. கிரேக்கச் சொல் கிளம்பிய அதே இடத்திலிருந்து நம் சொல்லும் கிளம்பியிருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்? ‘பாவம்’ வேண்டாம், அது விவிலியத் தமிழில் இதே சொல்லுக்கு வந்தது, அங்கே பொருந்தும், நாடகத்துக்குப் பொருந்தாது.

என் பரிந்துரை: பிழை. பொதுச்சொல்லோடு குழம்பும் இடங்களில் ‘குறிபிழை’.

———

> பரிந்துரை நன்று. ஆனால் ‘பிழைத்தான்’ என்றால் இன்று ‘உயிர் தப்பினான்’ என்றுதானே படிப்பார்கள்? ‘கிரியோன் பிழைத்தான்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும் அக்கா, சோஃபோக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் அந்த இரண்டு பொருளும் உண்மை.

ஆன்டிகனியின் சகோதரன் பாலினைசீஸின் உடலைப் புதைக்கக் கூடாது என்று அரசன் கிரியோன் ஆணையிட்டது முதல் பிழை. மீறிய ஆன்டிகனியை உயிரோடு குகையில் அடைத்தது இரண்டாவது. குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ் வந்து, பிழைப்பது எல்லா மனிதருக்கும் பொது, பிழைத்தபின் திருத்திக்கொள்பவன் மூடன் அல்லன் என்று எடுத்துச் சொல்கிறார் (மூலத்தில் அதே வினைதான்). காசு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்று இவன் அவரை ஏசுகிறான். அப்புறம் பயம் பிடிக்கிறது. பாடற்குழு தெளிவாகவே சொல்கிறது: போய்ப் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு. கிரியோன் வரிசையை மாற்றிவிடுகிறான். முதலில் உடலை எரித்து மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். எனக்கு நாடகத்திலேயே மிகக் கொடுமையான இடம் இதுதான். மனம் மாறிய பிறகும் குறி தவறுகிறது.

குகையில், ஆன்டிகனியை மணக்கவிருந்த மகன் ஹேமோன் அப்பாமேல் வாளை ஓங்குகிறான். வாள் பிழைக்கிறது. அதே வாளில் அவனே பாய்ந்து சாகிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மனைவியும் மகனும் போய், கடைசியில் உயிரோடு நிற்பவன் கிரியோன். பிழைத்தான், ஆகவே எல்லாம் போயிற்று. பிழைத்தான், ஆகவே அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கிரேக்கத்தில் கிடைக்காத இந்த இரட்டைப் பொருளை நாம் ஏன் தூக்கி எறிய வேண்டும்?

இன்னொரு சொல்லும் தேவைப்படும். மகனின் உடலோடு வரும்போது கிரியோன், “நீ போனது உன் டிஸ்பூலியாவால் அல்ல, என்னுடையதால்” என்று புலம்புகிறான். ஆலோசித்து முடிவெடுப்பதில் நேர்ந்த கேடு அது. இதற்கு ‘துணிபிழை’ என்று எண்ணிப் பார்த்தேன், தையற்கடைத் தவறு போல ஒலிக்கிறது. குறளில் ‘சூழ்ச்சி’ ஆலோசனைதான் (671), ஆனால் தொலைக்காட்சித் தொடர்கள் அந்தச் சொல்லை மாமியார்களிடம் கொடுத்துவிட்டன. அதனால் ‘சூழ்வுப்பிழை’ என்கிறேன். எடுபடாவிட்டால் ‘முடிவுப்பிழை’ போதும். ஆனால் முடிவில் வந்த பிழை என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால், தொகுப்பை மூடுமுன் அனுப்புங்கள்.