சொந்தப் பாட்டைப் பதிவு செய்யக் கடன் வாங்கலாமா? கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் எதைப் பார்க்க வேண்டும்?

பால்வெட்டும் கீபோர்டும் (குலசேகரம் பக்கம்):

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு சின்ன சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். தொழில் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால், பால் எடுத்து ஷீட் அடித்து வீடு வர மத்தியானம் ஆகிவிடும். அப்புறம் ஒரு தூக்கம். சாயங்காலம் யார் வீட்டிலாவது ஜெபக்கூட்டம், இல்லையென்றால் குவயர் பிராக்டிஸ். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து வீட்டுக்கே வராமல் நேரே தோட்டத்துக்குப் போகிற நாளும் உண்டு. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

நானே எழுதி மெட்டுப்போட்ட பாட்டுகள் கொஞ்சம் இருக்கின்றன. அதில் ஒன்று துக்க வீட்டில் ராத்திரி உட்கார்ந்து பாடுவதற்காக எழுதியது. அதை இப்போது பக்கத்துச் சபைக்காரர்களும் பாடுகிறார்கள். அதைப் பதிவு செய்யலாம் என்று விசாரித்தால், ஸ்டுடியோவில் ட்ராக், மிக்ஸிங், வீடியோ எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் கேட்கிறார்கள். யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் பாதிச் செலவைத் தான் ஏற்பதாகச் சொல்லி ஒரு தாளை நீட்டுகிறார், அதில் எல்லா உரிமையும் அவருக்கு என்று எழுதியிருக்கிறது. மீதிக்கு நான் கடன்தான் வாங்க வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற காலத்தில் எனக்கு நேரம் இருக்கும், ஆனால் கையில் காசு இருக்காது. பழைய கீர்த்தனை ஒன்றையும் கூடவே பாடிப் பதிவு செய்ய ஆசை, அதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மிக்ஸர் பின்னால் (மார்த்தாண்டம்):

கடன் வேண்டாம் தம்பி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கன்வென்ஷன்களுக்கு, அதாவது பெரிய ஜெபக்கூட்டங்களுக்கு, சவுண்ட் செய்கிறவன் நான், உங்களைப்போலக் கடன் வாங்கி ஆல்பம் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யூடியூபில் விளம்பரக் காசு வர 1,000 சப்ஸ்கிரைபரும் 12 மாதத்துக்குள் 4,000 மணிநேரம் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாகப் போனால் 90 நாளில் 1 கோடி பார்வை. ஒரு துக்கப் பாட்டை வைத்து அந்தக் கணக்கை எட்டிக் கடனை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவில் பெரிய பங்கு வீடியோவுக்குத்தான் போகும், அந்தப் பாட்டுக்கு அது தேவையே இல்லை. முட்டம் கடற்கரையில் வெள்ளைச் சட்டை போட்டு நடந்தால் பாட்டு நன்றாகிவிடாது.

குரல், உங்கள் கீபோர்டு, ஒரு தபேலா, அவ்வளவு போதும். கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸில் (சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ அனுப்பும் பெட்டி) கொடுத்து வீட்டிலேயே எடுக்கலாம், பதிவு செய்ய பேண்ட்லேப் மாதிரி இலவச ஆப்பே இருக்கிறது. குரலைத் துணிமணி நிறைந்த அறையில் எடுங்கள், எதிரொலி அடங்கும். மழையில் வெட்டு இல்லாத நாளில் உட்காரலாம் என்று நினைப்பீர்கள், ஆனால் ஷீட் கூரையில் விழுகிற சத்தம் மைக்கில் அப்படியே ஏறிவிடும், நம்ம மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம் வேறு. நீங்கள் சொன்ன இலையுதிர்காலம்தான் சரி. மிக்ஸிங்குக்கு மட்டும் ஸ்டுடியோவில் காசு கொடுங்கள். குரல் இல்லாத ட்ராக்கையும் தனித்தனி ஃபைல்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள், பல பேர் அதைக் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

சட்டக் கல்லூரி மாணவி (தக்கலை):

அண்ணா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி பாட்டை எழுதி மெட்டுப்போட்ட அன்றே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, அரசிடம் ரிஜிஸ்டர் செய்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த நாடுகளுக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். வருஷம் சொல்லாவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் தாளில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள், இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். இன்னொன்று, 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை அந்தச் சேனல்காரர் மாதிரி ஆளுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம்.

கீர்த்தனை விஷயம்: எழுதியவர் இறந்து 60 வருஷம் தாண்டினால் பாட்டு பொதுச்சொத்து. கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் 1864-லேயே இறந்துவிட்டார், அவர் பாட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் யாரோ பதிவு செய்த கரோக்கி ட்ராக்கைப் போட்டு அதன்மேல் பாடாதீர்கள், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு, யூடியூபில் காப்பிரைட் க்ளெய்ம் வருவது பெரும்பாலும் அதனால்தான். புதுப் பாட்டுகளை ஆராதனையில் பாடுவதற்குச் சட்டமே விலக்குத் தருகிறது, அதை வைத்து ரெக்கார்டிங் வெளியிட முடியாது.

ஓய்வுபெற்ற குவயர் மாஸ்டர் (மயிலாடி):

மார்த்தாண்டம் தம்பி கணக்கைச் சரியாகச் சொன்னார், எனக்கு அதில் ஒரு வருத்தம் மட்டும். பார்வை வந்தால்தான் பாட்டு என்கிற பேச்சே நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே இங்கே வந்த காலத்திலிருந்து நம் ஊர்களில் பாடிப் பாடித்தான் பாட்டு பரவியது. எங்கள் ஊர் யோவான் பால்மரின் கீர்த்தனைகளை இன்றைக்கும் சபைகள் பாடுகின்றன, அவற்றை முதலில் பாடினவர்களிடம் ரெக்கார்டிங்கா இருந்தது? உங்கள் பாட்டு பக்கத்துச் சபைக்குத் தானாகப் போய்விட்டது, அதுதான் பெரிய காரியம். இப்போது வரிகளைத் திருத்தமாக எழுதி, ராகம் தாளம் மேலே குறித்து, நாலு சபைக்குக் கொடுங்கள். எழுதி வைக்காத பாட்டு வாய்க்கு வாய் மாறிவிடும்.

கீர்த்தனை பதிவு செய்வதென்றால் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே போட்டிருக்கும் ராகத்தைத் தயவுசெய்து பாருங்கள். ஆனந்தபைரவி என்று போட்டிருப்பதை மேஜர் கார்டில் அடைத்து, டிஸ்கோ ஸ்டைல் ஆன் செய்து வாசிக்கிறார்கள், கேட்கவே மனசு வலிக்கிறது.

கன்வென்ஷனுக்குக் கூப்பிடுகிறவர்களிடம் வண்டிக்கூலியும் அன்றைய கூலியும் தயங்காமல் கேளுங்கள். பந்தல்காரருக்கும் ஜெனரேட்டருக்கும் கொடுக்கிறார்கள், வாசிக்கிறவனுக்கு மட்டும் ‘ஊழியம்தானே’ என்கிறார்கள். அடுத்த நாள் வெட்டுக்குப் போகாமல் வாசிக்கிறவனுக்கு அது கூலி நஷ்டம்.

ஆல்டோ அக்கா (நாகர்கோவில்):

மாஸ்டர் சொன்ன கடைசி விஷயத்துக்கு ஆமென். என் பங்குக்கு ஒன்று: பாட்டின் சுருதியை எத்தனை கட்டையில் வைத்திருக்கிறீர்கள் தம்பி? கீபோர்டு வாசிக்கும் தம்பிகள் தங்கள் குரலுக்கு 5 கட்டையில் வைத்துவிடுகிறார்கள், அனுபல்லவி மேலே ஏறும்போது சபை வாயை மூடிக்கொள்கிறது. 2 கட்டையில் வைத்து மேல் ஸட்ஜத்தைத் தாண்டாமல் முடித்தால், அதாவது கீபோர்டில் மேல் டி, பெண்களும் பாடலாம், ஒரு ஸ்தாயி கீழே ஆண்களும் பாடலாம். துக்க வீட்டில் அழுத தொண்டையோடுதான் பாடுவார்கள், அதற்கு இன்னும் அரைக் கட்டை இறக்கினாலும் தப்பில்லை.

பால்வெட்டும் கீபோர்டும்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாளை எடுத்துப் பார்த்தேன், தங்கை சொன்ன இரண்டு வார்த்தைகளும் அதில் இருக்கின்றன. அடிக்கச் சொல்கிறேன், மாட்டேன் என்றால் கையெழுத்து இல்லை. கடனும் இல்லை, வீடியோவும் இல்லை, வெட்டு நிற்கும்போது வீட்டிலேயே எடுக்கிறேன். அக்கா, 4 கட்டையில் வைத்திருந்தேன், இறக்கிப் பாடிப் பார்க்கிறேன்.

மாஸ்டர் ஐயா, ஆனந்தபைரவி கீபோர்டில் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது, ஸ்வரம் சரியாக இருந்தாலும் ராகம் வருவதில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற குவயர் மாஸ்டர் (மயிலாடி):

கீபோர்டில் கட்டையைத் தட்டினால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுக்கிற நெளிவு, வராது. பிட்ச் பெண்ட் வீல் இருந்தால் கொஞ்சம் இழுக்கலாம், அதிலும் ஓரளவுதான். கீபோர்டில் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு, மெட்டைப் பாடுகிறவர் தொண்டைக்கு விட்டுவிடுங்கள். வயலின் வாசிக்கிறவர் ஒருவர் கிடைத்தால் கூட உட்கார வையுங்கள். கார்டு போட்டே ஆக வேண்டும் என்றால் வரி முடிகிற இடத்தில் மட்டும் போடுங்கள், நடுவில் போடாதீர்கள்.