புதுப்பிப்பு: கர்ப்பப்பை உள்சவ்வு, 9 மி.மீ. இருந்தும் கரு ஏன் பதியவில்லை?

முந்தைய பதிவில், உள்சவ்வு 7 மி.மீ. தாண்டினால் கரு பதிய வசதி என்று எழுதியிருந்தேன். சேலத்தில் ஸ்கேன் பார்த்த ஒரு சகோதரி மேலே உள்ள கேள்வியைக் கேட்டிருக்கிறார். தடிமனோடு நிறுத்தியது அந்தப் பதிவின் குறை.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சவ்வை வளர்க்கும், அவ்வளவுதான். கருவை ஏற்கும்படி அதை மாற்றுவது, முட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன். நேராக இருந்த சுரப்பிகள் நெளிந்து சுருண்டு, கிளைக்கோஜன் நிறைந்த திரவத்தைச் சுரக்கும். அடித்திசுச் செல்கள் உப்பி உருண்டையாகும். சுருள் தமனிகள் நீளும். மேற்பரப்பில் இன்டெக்ரின் போன்ற ஒட்டுப் புரதங்கள் தலைகாட்டும். இந்த வாசல் திறந்திருப்பது 28 நாள் சுழற்சியில் ஏறக்குறைய 20 முதல் 24-ஆம் நாள் வரைதான்.

அதனால்தான் சோதனைக்குழாய் (IVF) சிகிச்சையில், மருந்து கொடுத்துச் சவ்வைத் தயார்செய்யும் சுழற்சியில், 5 நாள் வளர்த்து உறையவைத்த கருவை புரோஜெஸ்டிரோன் தொடங்கிய 6-ஆம் நாள் வைப்பது வழக்கம். ஒரு வேளை மருந்து தவறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மறைக்கவே வேண்டாம்.

நல்ல சவ்விலும் கரு பதியாமல் போவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். பாலிப் (உள்சவ்வில் வளரும் சதை), உள்நோக்கித் துருத்தும் நார்க்கட்டி, கர்ப்பப்பைக் காசநோய், உள்தழும்பு ஆகியவையும் தடுக்கும். திரும்பத் திரும்பத் தோற்றால் ஹிஸ்டரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சோதனை) பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று: கரு வைத்தபின் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் திரும்பும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்கினாலும் கரு நழுவி விழாது. படுத்தே கிடப்பதாலும் பலன் கூடாது.