மரபணுத் திருத்தம் ஆய்வகத்தில் எப்படிச் செய்யப்படுகிறது? வெட்டுவது நொதி என்றால், ஒட்டுவது யார்?

வினாக்குறி:

அனைவருக்கும் வணக்கம். உயிர்வேதியியல் இளநிலை மூன்றாம் ஆண்டு பயில்கிறேன். எங்கள் பாடநூலில் கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தத் தொழில்நுட்பத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "வழிகாட்டி ஆர்என்ஏ காஸ்9 நொதியை உரிய இடத்துக்கு அழைத்துச் செல்கிறது, நொதி கத்தரிக்கோல்போல டிஎன்ஏவை வெட்டுகிறது, அவ்விடத்தில் புதிய வரிசை சேர்க்கப்படுகிறது" என்பதோடு அப்பகுதி முடிந்துவிடுகிறது. "சேர்க்கப்படுகிறது" என்றால் யார் சேர்க்கிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டேன். நிறைவான விடை கிடைக்கவில்லை. மனித செல்களில் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஆய்வகத்துக்குள் நுழையும் ஒருவர் எங்கிருந்து தொடங்குவார், நொதியைச் செல்லுக்குள் எப்படிச் செலுத்துவார், திருத்தம் நடந்துவிட்டது என்பதை எப்படி அறிவார், இவற்றுக்கெல்லாம் எவ்வளவு காலமாகும்? இப்பணியில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

செல்வளர்ப்பு:

நல்ல கேள்வி, தங்கையே. இந்தப் பணி ஆய்வு மேசையில் அல்ல, கணினியின் முன்தான் தொடங்குகிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்னும் பாக்டீரியத்திலிருந்து பெறப்பட்ட காஸ்9 நொதிதான் மிகுதியாகப் பயன்பாட்டில் உள்ளது. அதற்கு வழிகாட்டும் ஆர்என்ஏவில், இலக்கோடு பொருந்தும் பகுதி 20 எழுத்து (அதாவது 20 காரங்கள்) நீளம் கொண்டது. ஆனால் டிஎன்ஏவில் எந்த 20 எழுத்துகளை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துவிட முடியாது. அந்த 20 எழுத்துகளை அடுத்து ஏதேனும் ஓர் எழுத்தும், அதன்பின் இரண்டு குவானைன்களும் (ஜி எழுத்துகள்) இருந்தாக வேண்டும். பிஏஎம் என்று அழைக்கப்படும் இந்த அடையாளம் இல்லாத இடத்தில் நொதி டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளவே செய்யாது. வெட்டு விழுவது அந்த அடையாளத்துக்கு மூன்று எழுத்துகள் முன்னதாக. ஆகவே மரபணுவின் வரிசையைத் திரையில் விரித்துவைத்து, பொருத்தமான இடங்களைத் தேடி, அவற்றுள் மனித மரபணுத்தொகுப்பின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளில் வேறெங்கும் நெருங்கிய ஒப்புமை இல்லாதவற்றைப் பொறுக்கியெடுக்கிறோம். இதற்கென மென்பொருள்கள் உள்ளன. அவை தரும் மதிப்பெண்கள் துணைபுரியுமே தவிர உறுதியளிக்கா. அதனால் ஒரு மரபணுவுக்குக் குறைந்தது இரண்டு மூன்று வழிகாட்டிகளையேனும் தயாரிப்பது வழக்கம். செயலிழக்கச் செய்வதே நோக்கமானால், புரதத்தைக் குறிக்கும் பகுதியின் முற்பாதியில், அம்மரபணுவின் எல்லா ஆர்என்ஏ வடிவங்களிலும் இடம்பெறும் துண்டைத் தேர்வு செய்ய வேண்டும். மிக முன்னால் வெட்டினால், செல் சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு தொடக்கக் குறியிலிருந்து புரதத்தை உருவாக்கிக்கொள்ளும் வாய்ப்புண்டு.

பலர் தவிர்த்துவிடும் ஒரு படியையும் இங்கே சொல்ல வேண்டும். கணினியில் உள்ளது பொது மாதிரியாக வைத்திருக்கும் மேற்கோள் வரிசை. உங்கள் கிண்ணத்தில் வளர்வது அதுவேயல்ல. இலக்கிடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் வழிகாட்டி வலுவிழக்கலாம். ஆகையால் திருத்தத்துக்கு முன்பே அச்செல்களின் டிஎன்ஏவை எடுத்து, இலக்கிடத்தைப் பிசிஆர் என்னும் டிஎன்ஏ படியெடுப்பு முறையில் பெருக்கி, வரிசையைப் படித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஒரு மாதத்தை நான் இழந்திருக்கிறேன்.

அடுத்தது, உள்ளே செலுத்துதல். காஸ்9இன் மரபணுவையும் வழிகாட்டியையும் பிளாஸ்மிட் என்னும் சிறு வட்ட டிஎன்ஏவில் வைத்து அனுப்பலாம். தூது ஆர்என்ஏவாக அனுப்பலாம். அல்லது புரதத்தையும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் சோதனைக் குழாயிலேயே கலந்து, சில நிமிடங்களில் அவை இணைந்தபின் அந்தக் கூட்டமைப்பையே அனுப்பலாம். நான் மூன்றாவது முறையையே விரும்புகிறேன். பிளாஸ்மிட் பல நாள்கள் செல்லுக்குள் தங்கி நொதியைத் தொடர்ந்து உருவாக்கிக்கொண்டிருக்கும். புரதமோ ஓரிரு நாள்களில் சிதைந்துவிடும் என்பதால் தேவையற்ற இடங்களில் வெட்டுவதற்கு அதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. செல்லின் சவ்வைக் கடக்க, எளிதில் வளரும் செல்களுக்குக் கொழுப்புத் துகள்கள் போதும். ரத்த வெள்ளணுக்கள் போன்றவற்றுக்கு மின்துடிப்பு கொடுத்துச் சவ்வில் நொடிப்பொழுது துளைகளை உண்டாக்கும் எலக்ட்ரோபொரேஷன் வேண்டும். மின்துடிப்பில் செல்களில் ஒரு பகுதி இறந்துபோகும். அதை எதிர்பார்த்தே எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும். உயிருள்ள விலங்கின் திசுவுக்குக் கொண்டுசெல்ல ஏஏவி என்னும் சிறு வைரஸைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அதன் கொள்ளளவு சுமார் 4,700 எழுத்துகளே. காஸ்9இன் மரபணுவே 4,100 எழுத்துகளை எடுத்துக்கொள்வதால் மற்றவற்றுக்கு இடம் மிஞ்சுவதில்லை.

இரண்டு மூன்று நாள்கள் கழித்து, செல்களில் ஒரு பகுதியை எடுத்து எத்தனை விழுக்காடு திருத்தம் பெற்றுள்ளது என்று பார்க்கிறோம். எந்த இலக்கையும் வெட்டாத வழிகாட்டியைப் பெற்ற செல்களையும் உடன் வைத்துக்கொள்ளாவிட்டால் இந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. பிறகு ஒவ்வொரு குழியிலும் சராசரியாக ஒரு செல்லோ அதற்கும் குறைவோ விழும்படி நீர்த்து, 96 குழித் தட்டுகளில் இட்டு, அந்த ஒற்றைச் செல் கூட்டமாகப் பெருகும்வரை இரண்டு மூன்று வாரங்கள் காத்திருக்கிறோம். அக்கூட்டங்களைத்தான் குளோன்கள் என்கிறோம்.

பழுதுபார்ப்பு:

மேலே உள்ள விளக்கம் சிறப்பு. "ஒட்டுவது யார்" என்ற பகுதிக்கு மட்டும் நான் விடையளிக்கிறேன், ஏனெனில் கேள்வியின் உயிர்நாடி அதுதான் என்று கருதுகிறேன்.

ஒட்டுவது செல்லேதான். டிஎன்ஏவின் இரு இழைகளும் அறுந்துபோவது செல்லுக்குப் பெரும் ஆபத்து என்பதால், அதைச் சீர்செய்யும் புரதங்கள் ஒவ்வொரு செல்லிலும் எப்போதும் ஆயத்தமாக உள்ளன. ஆய்வாளர் செய்வதெல்லாம் குறிப்பிட்ட இடத்தில் ஒரு முறிவை உண்டாக்கிவிட்டு, செல் அதை எவ்வாறு சீர்செய்கிறது என்று காத்திருப்பதே. கத்தரிக்கோல் உவமையை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. வெட்டியவரே ஒட்டுகிறார் என்ற தவறான எண்ணத்தை அது மாணவர்களிடம் விட்டுச்செல்கிறது.

செல்லின் விரைவான வழி, அறுந்த முனைகளை நேரடியாக இணைத்துவிடுவது. பிழையின்றி இணைந்தால் இலக்கு மீண்டும் பழையபடியே ஆகிவிடும். அப்போது காஸ்9 அதை மறுபடியும் வெட்டும். இப்படி வெட்டும் இணைப்பும் மாறிமாறி நடக்கையில், எப்போதேனும் ஓரிரு எழுத்துகள் கூடியோ குறைந்தோ போகும். அதன்பின் வழிகாட்டி அவ்விடத்தை அடையாளம் காண இயலாது, வெட்டு நின்றுவிடும். டிஎன்ஏவின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுவதால், மூன்றின் மடங்கல்லாத எண்ணிக்கையில் எழுத்துகள் கூடினாலோ குறைந்தாலோ அவ்விடத்துக்குப் பின்னுள்ள செய்தி முழுவதும் குலைந்து, பெரும்பாலும் விரைவிலேயே ஒரு நிறுத்தக் குறி வந்துவிடும். மரபணு செயலிழப்பது இவ்வாறுதான். சரியாக மூன்று எழுத்துகள் போனால் ஓர் அமினோ அமிலம் மட்டும் குறைந்து, புரதம் நன்றாகவே இயங்கக்கூடும்.

பாடநூல் சொல்லும் "புதிய வரிசை சேர்த்தல்" வேறு வழி. அதற்கு நாம் ஓர் அச்சுப்படியையும் உடன் அனுப்ப வேண்டும். சிறு மாற்றத்துக்கு 100 முதல் 200 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழை டிஎன்ஏ போதுமானது. அதன் இரு புறமும் இலக்கோடு ஒத்திருக்க, நடுவில் நாம் விரும்பும் மாற்றம் இருக்கும். செல் அதைப் பார்த்துப் படியெடுத்து முறிவை நிரப்புகிறது. இவ்வழி பெரும்பாலும், செல் தன் டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும் கட்டத்திலும் அதையடுத்த கட்டத்திலுமே செயல்படுகிறது. ஆகவே நரம்பணு போன்ற, பிளவுறாத செல்களில் இது மிகவும் அரிது. அச்சுப்படியை வடிவமைக்கும்போது, அமினோ அமிலம் மாறாதபடி பிஏஎம் அடையாளத்தையும் சிதைத்துவிட வேண்டும். இல்லையேல் திருத்தப்பட்ட டிஎன்ஏவையே நொதி மீண்டும் வெட்டிவிடும்.

இந்தச் சிரமத்தைத் தவிர்க்கவே, இரு இழைகளையும் அறுக்காமல் ஓர் எழுத்தை வேதியியல் முறையில் மற்றொன்றாக மாற்றும் கார எழுத்துத் திருத்தம் 2016இலும், புதிய வரிசையை வழிகாட்டியிலேயே சுமந்துசெல்லும் பிரைம் எடிட்டிங் 2019இலும் அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியூவின் குழுவால் வெளியிடப்பட்டன. ஆனால் பழைய முறைக்கு மதிப்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அரிவாள் செல் நோய்க்கு 2023இல் ஒப்புதல் பெற்ற காஸ்கெவி சிகிச்சையில் எந்த வரிசையும் சேர்க்கப்படுவதில்லை. நோயாளியின் ரத்தக் குருத்தணுக்களை எடுத்து, கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவை ரத்தச் சிவப்பணு வரிசையில் தூண்டும் பகுதியை வெட்டிச் சிதைக்கிறார்கள், அவ்வளவே. அதனால் கருவில் இருந்தபோது உருவான அந்த ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகிறது. பிழையோடு ஒட்டும் செல்லின் இயல்பே அங்கு மருந்தாகிறது.

வினாக்குறி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. குளோனின் வரிசையைப் படித்து, அதில் எழுத்து குறைந்திருப்பதைக் கண்டுவிட்டால் பணி முடிந்ததாகக் கொள்ளலாமா?

வரிசைவாசகர்:

கொள்ளலாகாது, பலர் ஏமாறும் இடம் இதுதான். மனித செல்லில் ஒவ்வொரு மரபணுவுக்கும் பொதுவாக இரண்டு படிகள் உள்ளன. வளர்ப்புச் செல்களில் மூன்று நான்குகூட இருக்கும். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சிகரமாக வரைந்துகாட்டும் சாங்கர் முறையில் வரிசையைப் படித்தால், வெட்டிடம்வரை தெளிவாக வந்த சிகரங்கள் அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தோன்றும். ஒரு படியில் இரண்டு எழுத்துகள் குறைந்து, மற்றொன்றில் ஒன்று கூடியிருக்கலாம். ஒன்று மாறாமலே இருக்கவும் கூடும். மென்பொருளால் அவற்றைப் பிரித்தறியலாம், அல்லது ஒவ்வொரு படியையும் தனித்தனிப் பிளாஸ்மிடில் வைத்துப் பெருக்கிப் படிக்கலாம்.

கலப்பில்லாத தெளிவான வரிசை வந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். இரு படிகளும் ஒரே மாற்றத்தைப் பெற்றுள்ளன என்று எளிதில் முடிவு செய்துவிடத் தோன்றும். ஆனால் வெட்டிடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான எழுத்துகள் அழிந்துபோவதுண்டு என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவ்வாறு ஒரு படியில், பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் ஒட்டும் இடமே அழிந்திருந்தால், அந்தப் படி பெருகாது; மற்றொன்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். எனவே பிரைமர்களைத் தொலைவில் வைத்து நீண்ட துண்டைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். மரபணுப் படிகளின் எண்ணிக்கையையும் அளவிட வேண்டும்.

டிஎன்ஏ மாறியதாலேயே புரதம் மறைந்துவிட்டது என்றும் பொருளாகாது. செல் சில வேளைகளில் பழுதான துண்டைத் தாண்டி ஆர்என்ஏவை இணைத்து, சற்றே குறுகிய, ஆனால் இயங்கும் புரதத்தை உருவாக்கிவிடுகிறது. வெஸ்டர்ன் பிளாட் என்னும் புரதச் சோதனை செய்து புரதமே இல்லை என்பதைக் காண வேண்டும். மென்பொருள் முன்னறிவித்த பிற இடங்களில் வெட்டு விழவில்லை என்பதையும் படித்து உறுதிசெய்ய வேண்டும். மேலும், வெட்டு பி53 என்னும் காவல் புரதத்தைத் தூண்டிச் செல்லின் வளர்ச்சியை நிறுத்தக்கூடும். ஆகவே நன்றாக வளர்ந்த குளோன் என்பது பி53 பழுதான குளோனாகவும் இருக்க வாய்ப்புண்டு. இக்காரணங்களால்தான், வெவ்வேறு வழிகாட்டிகளால் பெற்ற இரண்டு மூன்று குளோன்கள் ஒரே விளைவைக் காட்டுகின்றனவா என்று பார்க்கிறோம். அதன்பின், அழித்த மரபணுவின் நல்ல படியை வெளியிலிருந்து மீண்டும் கொடுத்து, செல் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்க்கிறோம். நான் கட்டுரைகளை மதிப்பிடும்போது முதலில் தேடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான்.

செல்வளர்ப்பு:

காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; அதை விட்டுவிட்டேன். வழிகாட்டிகளை வடிவமைத்து வரவழைக்க ஓரிரு வாரங்கள், வெட்டுக்கு மூன்று நாள்கள், குளோன்கள் வளர மூன்று வாரங்கள், அவற்றைப் பெருக்கிச் சோதிக்க மேலும் ஒரு மாதம் என்று வைத்தால், தடையின்றி நடந்தாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். காஸ்9 தன் வேலையைச் செய்வது அதில் ஓரிரு நாள்கள்தான். குளோன்கள் தட்டில் நிரம்பியதும், ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை உறைநிலையில் சேமித்த பிறகே மற்றதிலிருந்து டிஎன்ஏ எடுங்கள். வரிசைவாசகர் சொன்ன சோதனைகள் முடிவதற்குள் வளர்ப்பில் உள்ளவை தொற்றால் அழிந்தாலும், உறைய வைத்தவற்றிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.