முழு இருட்டிலும் தினமும் ஒரே நேரத்தில் நடமாட்டம்: குகைப் பொய்த்தேள் பதிவில் உதவி தேவை

கண்ணில்லாத, 3 மி.மீ. நீளக் குகைப் பொய்த்தேள்களின் (தேள் போல இடுக்கி உண்டு, கொடுக்குள்ள வால் இல்லை) நடமாட்டத்தைத் தொடர் இருட்டில் பதிவு செய்கிறோம். மூன்று வாரமாக அதிகாலை 4 மணியை ஒட்டி எல்லாத் தட்டுகளிலும் ஒரே சமயத்தில் நடமாட்டம் கூடுகிறது. உடலின் உள்கடிகாரம்தான் காரணம் என்றால், பகல்-இரவுக் குறிப்பு இல்லாத இருட்டில் ஒவ்வொன்றும் 24 மணியிலிருந்து தன் போக்கில் விலகியிருக்க வேண்டுமே!

அமைப்பு: 5 செ.மீ. பெட்ரி தட்டு, அடியில் ஈரப் பிளாஸ்டர், ஒளிய ஒரு கல்துண்டு. ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் தட்டுக்கு ஒன்றுதான். விசிறி உள்ள குளிரூட்டும் இன்குபேட்டர், 18 டிகிரி. 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு எப்போதும் எரியும். நிமிடத்துக்கு ஒரு படம்.

ஸ்பிரிங்டெயில் என்ற நுண்பூச்சி போன்ற இரையை ஒழுங்கற்ற நேரங்களில் போட்டோம், உச்சம் நகரவில்லை. ஒளிக்கசிவை அடைத்தோம், அதிர்வுக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தோம். பலனில்லை.

இப்போதைய சந்தேகம், 24 மணிக்கு ஒருமுறை அதே வேளையில் ஓடும், இன்குபேட்டரின் குளிர்சுருளில் படியும் பனியை உருக்கும் பனிநீக்கம். அது முடிந்ததும் விசிறி வேகமெடுக்கிறது. இவற்றின் இடுக்கிகளில் உள்ள நுண்மயிர்கள் மெல்லிய காற்றசைவையும் உணர்பவை. ஈரப்பதமும் அப்போது சரியலாம். ஆனால் 95 சதவீதத்துக்கு மேல் சென்சாரில் நீர் படிவதால் அதன் அளவை நம்ப முடியவில்லை. தட்டின் விளிம்பில் பாராஃபிலிம் (இழுத்து ஒட்டும் மெழுகுப் படலம்) சுற்றியதும் உச்சம் பாதியானது, ஆனால் மூடியில் நீர்த்துளி கோத்துப் படம் மங்குகிறது. பனிநீக்கத்தை நிறுத்தினால் சுருளில் பனி உறைகிறது.

தட்டை முழுவதும் அடைக்காமல், ஈரப்பதமும் குறையாமல், விசிறிக் காற்றை மட்டும் தடுக்க நீங்கள் பயன்படுத்திய அமைப்பு என்ன?