பி.பி., கொலஸ்ட்ரால், வடை: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

திருநகர்வாசி
அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து 2 வருஷம் ஆச்சு. அதுக்கு முந்தின மாசம் நடந்ததுதான் இன்னும் உறுத்துது. பி.பி. இருந்தது, கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்.டி.எல். 170ஐத் தாண்டியிருந்தது. வீட்டில் நாலு பேருக்கு மாசம் 2 லிட்டர்தான் எண்ணெய்னு கட்டுப்பாடு போட்டேன். அப்பளம் கிடையாது, ஊறுகாய் ஜாடி அக்கா வீட்டுக்குப் போயிடுச்சு. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பார்த்தா, அப்பா! என்னைக் கண்டதும் கையிலிருந்த மெதுவடையைச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டார். வெள்ளைச் சட்டை. "சும்மா நடந்துட்டு வரலாம்னு வந்தேன்பா"ங்கிறார், பையில் எண்ணெய் வட்டமா பரவிக்கிட்டே போகுது. நானும் பார்க்காத மாதிரி கூட்டிட்டு வந்துட்டேன். திட்டியிருக்கணுமா, பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி தின்னிருக்கணுமா?

நைட்ஷிப்ட்
வடையை விடுங்க தம்பி. நான் ஒல்லி, எண்ணெய்ப் பலகாரமே ஆகாது. எனக்கு 43 வயசில் ஹார்ட் அட்டாக் வந்துச்சு. நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட், அதை யாரும் கணக்கில் எடுக்கலை. விடியற்காலை நெஞ்சைப் பிசைஞ்சு தாடை வரைக்கும் இழுத்தது. வாயுன்னு சோடா குடிச்சேன், வீட்டுக்காரி இஞ்சி தட்டிக் கொடுத்தா. 3 மணி நேரம் அதிலேயே போச்சு. ஈ.சி.ஜி. எடுத்த நர்ஸம்மா பேப்பரைப் பார்த்தாங்க, என் முகத்தைப் பார்க்காமலே வேகமா வெளியே போனாங்க. அந்தச் செருப்புச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. எக்கோ ஸ்கேனில் இதயத்தோட பம்பிங் 40 சதவீதம்தான்னாங்க.

மரச்செக்கு
என் மாமனாருக்கும் லேசா வந்தது. எல்லாம் ரீஃபைண்ட் ஆயிலால்தான். உடனே செக்கு எண்ணெய்க்கு மாறுங்க, அதை எவ்வளவு வேணா ஊத்தலாம். காலையில் வெறும் வயிற்றில் பூண்டு 2 பல், மத்தியானம் கொள்ளு ரசம், ராத்திரி சாமை இல்லன்னா வரகு. சீனிக்குப் பதில் கருப்பட்டி. வெறுங்காலில் மண்ணில் நடங்க. 3 மாசம் இப்படி இருந்தா மாத்திரையை மெல்ல நிறுத்திடலாம்.

மருந்துக்கடைத் தங்கை
அண்ணே, அந்தக் கடைசி வரியை முதல்ல அழிங்க. செக்கோ ரீஃபைண்டோ, ஒரு டேபிள்ஸ்பூனில் 120 கலோரி இருக்கு. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. கருப்பட்டியும் சர்க்கரைதான். கொள்ளு ரசம் தாராளமா வைங்க, ஆனா உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன். எங்க பெரியப்பாவும் இப்படித்தான் யாரோ சொன்னதைக் கேட்டார். மாத்திரை போட்டாச்சான்னு கேட்டா "ஆச்சும்மா"ன்னு தலையாட்டுவார். காரியம் முடிஞ்சு பூஜை அலமாரியைத் துடைச்சப்போ, திருநீற்று டப்பாவுக்குப் பின்னாடி கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாடின் மாத்திரை 6 அட்டை. ஒண்ணுகூடப் பிரிக்கலை. அத்தனையும் நான் என் கையால் எடுத்துக் கொடுத்தது.

திருநகர்வாசி
நான் கேட்டது எண்ணெயைப் பத்தியே இல்லை, போகட்டும். தங்கச்சி எழுதினதைப் படிச்சதும் எழுந்து போய் அப்பாவோட மாத்திரை அட்டையை எண்ணிட்டு வந்தேன், சரியா இருக்கு. தினம் அரை மணி நேரம் நடக்கிறார். அந்தச் சட்டையில் கறை போகலை. நடக்கப் போறப்போ அதைத்தான் போட்டுக்கிறார்.