எஸ்.டி.பி.எம். உயிரியலில் பி மைனஸ்: மறுபடி எழுதலாமா, வேறு வழி பார்க்கலாமா?

பீடோங்_பிள்ளை:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா செம்பனை லாரி ஓட்டுகிறார், அம்மா சுங்கைப்பட்டாணியில் தொழிற்சாலை வேலை. ஆறாம் படிவம் முடித்து எழுதிய எஸ்.டி.பி.எம். பரீட்சை முடிவு வந்துவிட்டது. கணிதம் ஏ மைனஸ், பெங்காஜியான் ஆம் (பொதுப்பாடம்) பி பிளஸ், இரசாயனம் பி, உயிரியல் பி மைனஸ். மொத்தம் 4.00க்கு 3.17. மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஏய்ம்ஸ்ட் தனியார் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் போகிற தூரம்தான், செமெலிங் கடையில் பொட்டலம் வாங்கப் போனால் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். உயிரியலை மறுபடி எழுதினால் ஒரு வருடம் போய்விடும், எழுதாவிட்டால் மருத்துவமே போய்விடும் போலிருக்கிறது. அப்பா "நீயே முடிவு பண்ணு" என்கிறார், அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம், உண்மையைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
மகளே, ஆறாம் படிவத்தில் பல வருடம் உயிரியல் எடுத்தவன் நான். முதலில் முடிவுத்தாளை எடுத்துத் தவணை வாரியாகப் பார். பி மைனஸ் என்பது மூன்று தவணையும் செய்முறை வேலையும் சேர்ந்து வந்த கணக்கு, செய்முறைக்கு மட்டும் 20 விழுக்காடு. முதல் தவணை உயிரியல் மூலக்கூறுகளும் வளர்சிதை மாற்றமும், இரண்டாவது உடலியங்கியல், மூன்றாவது சூழலியலும் மரபியலும். மூன்றிலும் ஒரே மாதிரி பி மைனஸ் என்றால் அது வேறு கதை, ஒரு தவணை மட்டும் கீழே இழுத்திருந்தால் அந்தத் தாளை மட்டும் திருப்பி எழுதுவதைப் பற்றி யோசி. இரண்டு தடவை எழுதியதில் நல்ல புள்ளிதான் கணக்கில் வரும், அதனால் இருப்பது குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எந்தத் தவணைக்கு எப்போது பதியலாம், தனியார் பரீட்சார்த்தியாகப் பதிய என்ன வேண்டும் என்பதைப் பழைய பள்ளியில் இந்த வாரமே கேட்டுவிடு, தேதி போனால் போனதுதான்.

நம் பிள்ளைகள் அதிகமாக விடுவது இரண்டாம் தவணையில்தான். சிறுநீரகக் கேள்வி வந்தால் ஹென்லே வளைவை (சிறுநீரக நுண்குழாயின் வளைந்த பகுதி) அழகாக வரைந்து பெயர் குறித்துவிடுவார்கள். ஆனால் ஏறு குழாய் உப்பை வெளியே தள்ளுகிறது, அதனால் சுற்றியுள்ள திசு உப்பாகிறது, அதனால்தான் இறங்கு குழாயிலிருந்து நீர் வெளியே வருகிறது என்று காரணத்தைத் தொடுத்து எழுத மாட்டார்கள். புள்ளி அந்த "அதனால்"களில்தான் இருக்கிறது. பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் வைத்துக்கொண்டு எழுதிப் பழகினால் இது கண்டிப்பாகக் கைவரும்.

வார்டு_அக்கா:
தங்கச்சி, நான் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவ அதிகாரி. சார் சொன்னது சரி, ஆனால் எழுதினால் எந்தக் கதவு திறக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு கதவு இருக்கிறது, எல்லாரும் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஒன்று மலேசிய மருத்துவ மன்றம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி. எஸ்.டி.பி.எம். வழியாகப் போனால் உயிரியல், இரசாயனம், அப்புறம் கணிதம் அல்லது இயற்பியல், மூன்றிலும் பி வேண்டும். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சையிலும் அறிவியல், கணிதப் பாடங்கள் உட்பட ஐந்தில் பி கேட்பார்கள், அதையும் எடுத்துப் பார்த்துக்கொள். நீ நிற்பது இந்தக் கதவுக்கு ஒரு படி கீழே, மறுபடி எழுதினால் தாண்டிவிடலாம்.

இன்னொன்று அரசாங்கப் பல்கலைக்கழக இடம். அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ. முறையின் கணக்கில் 90 விழுக்காடு பாடப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாடம். உயிரியலில் ஏ வாங்கினால்கூட உனக்கு 3.50தான் வரும், மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் யூ.எஸ்.எம்.முக்கும் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் 4.00ஐ ஒட்டி நிற்கிறார்கள், அதற்கு மேல் நேர்முகத் தேர்வு வேறு. அதனால் ஒரு பாடத்தை மட்டும் திருப்பி எழுதுவது உனக்குத் தனியார் கல்லூரிக் கதவைத்தான் திறக்கும். அங்கே ஐந்து வருடத்துக்கு லட்சக்கணக்கான வெள்ளி. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைத்தாலும் மீதிக்கு வழி வேண்டும். அதை வீட்டில் உட்கார்ந்து பேசாமல் பரீட்சைக்குப் பதியாதே.

படித்து முடித்த பிறகும் இரண்டு வருடம் பயிற்சி மருத்துவர். 2016 கடைசியிலிருந்து புதியவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள், 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றது உனக்கு நினைவிருக்கும். இதையெல்லாம் உன்னைத் தடுக்கச் சொல்லவில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும், ராத்திரி மூன்று மணிக்கு வருகிற தோட்டத்துப் பாட்டி தமிழில் வலியைச் சொல்ல ஆள் கிடைத்ததே என்று கையைப் பிடித்துக்கொள்ளும்போது இன்னும் பிடிக்கும். ஆனால் தெரிந்துகொண்டு வா.

குளுவாங்_அண்ணன்:
இந்த நேரத்தில் முகவர்கள் வீட்டுக்கு வருவார்கள், ஜாக்கிரதையாக இரு தங்கச்சி. என் தங்கைக்கும் இரசாயனம் குறைந்தபோது ஒருவர் வந்து, "மறுபடி எழுத வேண்டாம், வெளிநாட்டில் இந்தப் புள்ளிக்கே எடுப்பார்கள், முன்பணம் கட்டினால் போதும்" என்றார். அம்மா நகையை வைக்கத் தயாராகிவிட்டார். நல்லவேளை, அத்தை மகன் மருத்துவ மன்றத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினான். எந்த நாட்டில் படித்தாலும் இங்கே பதிவு செய்ய அந்தக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும், இல்லாவிட்டால் பட்டத்தோடு வந்து வீட்டில் உட்கார வேண்டியதுதான். தங்கை தாளைத் திருப்பி எழுதினாள். ஒரு வருடம் போனது உண்மைதான், அந்த வருடத்தில் டியூஷன் சொல்லிக்கொடுத்துச் செலவைப் பார்த்துக்கொண்டாள்.

லூனாஸ்காரர்:
எஸ்.பி.எம். நன்றாக இருந்தால் தனியார் கல்லூரி அறிவியல் அடித்தளப் படிப்பும் ஒரு வழி, ஒரு வருடம், 3.0 வாங்கினால் தகுதி வந்துவிடும். ஆனால் கட்டணம் உண்டு, தாள் திருப்பி எழுதுவது அதைவிட எவ்வளவோ மலிவு. அப்புறம் மருத்துவம் ஒன்றுதான் மருத்துவமனை வேலை என்று நினைக்க வேண்டாம், இயன்முறை மருத்துவம், மருந்தியல் எல்லாம் இருக்கிறது. யூ.பி.யூ.வில் அவற்றையும் போட்டு வை.

பீடோங்_பிள்ளை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முடிவுத்தாளைப் பார்த்தேன். முதல் தவணை பி, மூன்றாவது பி, இரண்டாவது சி பிளஸ். சார் சொன்ன மாதிரியேதான். எஸ்.பி.எம்.மில் ஐந்தும் பிக்கு மேல் இருக்கிறது. நேற்று இரவு அப்பாவிடம் அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஊழியர் சேமநிதியில் பிள்ளைகள் படிப்புக்கு எடுக்கலாமே, எவ்வளவு கிடைக்கும் என்று விசாரிக்கிறேன் என்றார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் இரண்டாம் தவணைக்குப் பதியக் கேட்கப் போகிறேன், யூ.பி.யூ.வில் மருந்தியலும் போடுகிறேன். சார், ஒரு உதவி. சிறுநீரகக் கேள்விக்கு விடை எழுதிப் படம் எடுத்து இங்கே போட்டால் திருத்திக் கொடுப்பீர்களா?

ஓய்வுபெற்ற_ஆசிரியர்:
போடு மகளே. சிறுநீரகத்தோடு இதயத் துடிப்புக் கட்டுப்பாடும், நரம்பில் செய்தி போவதும் சேர்த்து மூன்று விடை எழுது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு எழுத வேண்டும்.